நான் குணமாகிவிட்டேன் என்று நீ சொன்னாய்

செந்தில்,

இந்தப் பெயரைச் சொல்லி உன்னைக் கூப்பிட இப்போது நான் ஒருத்திதான் இருக்கிறேன். உன் அப்பா போய்விட்டார். கண்டரமாணிக்கத்தில் உன் மாமா நம்மோடு பேச்சை நிறுத்தி வருஷங்கள் ஆகின்றன. உன் பெண்டாட்டி ஜெனிபர் வீட்டுக்குள்கூட உன்னைப் பாஸ்டர் என்றுதான் சொல்கிறாள். ஞானஸ்நானம் எடுத்தபோது சாமுவேல் என்ற பெயரை நீயே தேர்ந்தெடுத்தாய், எனக்கும் அது பிடித்திருந்தது. ஆனால் பாஸ்டர் சாமுவேலுக்குக் கடிதம் எழுத எனக்கு வரவில்லை. என் வயிற்றில் இருந்தவனுக்குத்தான் எழுத வருகிறது. போன ஞாயிற்றுக்கிழமை உன் சபையில் நடந்ததற்குப் பிறகு நீ பலமுறை போன் பண்ணினாய். நான் எடுக்கவில்லை. அம்மா கோபத்தில் இருக்கிறாள், ஆறினதும் பேசுவாள் என்று ஜெனிபரிடம் சொன்னாயாம். கோபம்தான். ஆனால் அது ஆறட்டும் என்று காத்திருந்தால் நான் மறுபடியும் வாயை மூடிக்கொள்வேன், அது எனக்குப் பழகிய வேலை. அதனால் சூடாக இருக்கும்போதே எழுதுகிறேன். என் கதையை நீ மைக்கில் சொன்னாய், நான் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

நீ சொல்வது எனக்கு மனப்பாடம். என் தாயார் மனச்சோர்வு என்னும் இருட்டில் கிடந்தார்கள், எழுந்து குளிக்கவும் முடியாது, பெற்ற பிள்ளையின் முகத்தையும் பார்க்க மாட்டார்கள், ஒரு பெரிய வெள்ளிக்கிழமை கர்த்தர் தொட்டார், அன்றைக்கே எழுந்தார்கள், மாத்திரையைத் தூக்கி எறிந்தார்கள், இன்றுவரை சந்தோஷமாக இருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது உனக்குப் பின்னால் திரையில் என் போட்டோ வரும். உன் கல்யாணத்தில் எடுத்தது, பட்டுச்சேலையும் சிரிப்புமாக. யூடியூபில் பார்த்தவர்கள் கடைத்தெருவில் என்னை நிறுத்தி, பாஸ்டரோட அம்மாதானே என்று கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். நீ சொல்வதில் பாதி நடந்தது. அந்தப் பாதி உண்மையாக இருப்பதால்தான் மீதி இவ்வளவு கெடுதல் செய்தது.

அந்த வருஷம் நீ ஆறாம் வகுப்பு. எனக்கு ஏன் அப்படி ஆனது என்று எல்லோரும் காரணம் கேட்டார்கள். காரணம் இல்லை, செந்தில். சாவு இல்லை, சண்டை இல்லை. உன் அப்பாவின் ஒர்க்‌ஷாப்பில் வேலை நிறைய இருந்தது. நீ வகுப்பில் முதலாவதாக வந்துகொண்டிருந்தாய். நான் பத்திர எழுத்தர் அலுவலகத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் முற்பகல் முழுக்க ஒரே வரியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். விரல் டைப்ரைட்டர் கட்டையின் மேல் இருக்கிறது, அழுத்த வேண்டும் என்று தெரிகிறது, அழுத்த முடியவில்லை. முதலாளி நல்ல மனிதர், உடம்பு சரியில்லை போல, வீட்டுக்குப் போம்மா என்றார். வீட்டுக்கு வந்து படுத்தேன். அதற்குப் பிறகு பல மாதங்கள் எழுந்திருக்கவில்லை. நான் அழுதேன் என்று நீ மேடையில் சொல்கிறாய். நான் அழவே இல்லை. அழ முடிந்திருந்தால் தேவலை என்று கிடந்தேன். சோறு வாயில் பஞ்சு மாதிரி இருந்தது. நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து என் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாய். உன் தலை எனக்குத் தெரியும். அதைத் தொட வேண்டும் என்று தோன்றும், கை வராது. உன் கூட்டாளிகளிடம் அம்மாவுக்கு டைபாய்டு என்று நீ சொல்லியிருந்தது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

உன் மாமா வந்து, ஏத்தா ஒனக்கு என்னத்தா கொறை என்று அழுதார். கோடாங்கியிடம் கூட்டிக்கொண்டு போனார். ஏதோ ஒரு கிணற்றில் விழுந்து செத்த பெண் என்மேல் இருக்கிறாள் என்றான் அவன். உடுக்கை அடித்தார்கள், முடியைப் பிடித்து ஆட்டினார்கள், நான் ஆடவில்லை என்று அறைந்தார்கள். உன் அப்பா அதோடு என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். இதை நீ மேடையில் மறக்காமல் சொல்கிறாய், அவர்களுடைய அறியாமை என்று. சரி, அறியாமைதான். ஆனால் அதற்குப் பிறகு நம் சபைப் பக்கத்தில் எனக்குச் சொன்னதையும் நீ சொல்ல வேண்டும் அல்லவா?

எதிர்வீட்டில் குடியிருந்த எஸ்தர் அக்காவை உனக்கு நினைவிருக்கும். புருஷன் இல்லாதவர், பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் வந்தால் பேசிப் பேசியே என்னைச் சாகடிப்பார்கள். அக்கா வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துவிட்டுப் போவார். ஒரு நாள் தங்கள் சபைக் கோயிலுக்கு வருகிறாயா என்றார். உன் அப்பா, போயிட்டு வா, அங்கயாச்சும் எந்திரிச்சு ஒக்காந்திருப்பேல்ல என்று பைக்கில் கொண்டுபோய் விட்டார். அவர் கடைசிவரை நெற்றியில் திருநீறு வைத்துக்கொண்டே இருந்தவர். ஞாயிறுதோறும் என்னை இறக்கிவிட்டு, வெளியே வேப்பமரத்தடியில் பேப்பர் படித்துக்கொண்டு நிற்பார். நான் சபைக்குப் போவது தெரிந்ததும் உன் மாமா பொங்கலுக்குக்கூட நம்மை அழைப்பதை நிறுத்திவிட்டார். அவ்வளவும் இழந்து அங்கே போனவளிடம் சபை மூப்பர் ஒருவர், அறிக்கை பண்ணாத பாவம் உள்ளே இருந்தால் இப்படித்தான் ஆவி நொறுங்கும் என்றார். நான் அதை நம்பினேன். படுத்துக்கொண்டு, தொலைந்த தோட்டைத் தேடுகிற மாதிரி, பிறந்ததிலிருந்து செய்த பாவத்தையெல்லாம் தேடினேன். தேடத் தேட நிறையக் கிடைத்தது. ஒவ்வொன்றாக அறிக்கை பண்ணினேன். ஒன்றும் லேசாகவில்லை. கோடாங்கி பேய் என்றான், மூப்பர் பாவம் என்றார். வாங்கியவளுக்கு இரண்டு அடியும் ஒன்றுதான்.

பெரிய வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். அன்றைக்கு நீயும் என்னோடு வந்தாய், பள்ளி விடுமுறை. நடுப்பகலில் மூன்று மணி நேர ஆராதனை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பிரசங்கம் செய்வார்கள். மின்சாரம் இல்லை, ஆளுக்கு ஒரு நோட்டீஸை வைத்து விசிறிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. நாலாவது வார்த்தைக்கு வயதான ஒரு போதகர் எழுந்தார், குரல்கூடச் சரியாக வரவில்லை. ஏன் என்னைக் கைவிட்டீர் என்று இயேசு தன் தகப்பனைப் பார்த்துக் கத்தினார், அதற்குப் பதில் வரவில்லை என்றார் அந்தப் போதகர். பதில் வரவில்லை என்று ஒருவர் பிரசங்க பீடத்தில் நின்று சொல்லி நான் கேட்டதில்லை. அதுவரை எனக்குச் சாமி என்றால் நான் எட்ட முடியாத உயரத்தில், நல்ல வெளிச்சத்தில் இருக்கிறவர். அன்றைக்குத்தான் தெரிந்தது, நான் வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை அவர் ஊருக்கு முன்னால், உடம்பில் துணியில்லாமல் தொங்கிக்கொண்டு, கத்திச் சொல்லியிருக்கிறார் என்று. நான் கிடக்கிற இடத்துக்கு அவர் ஏற்கெனவே வந்துபோயிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. அழுகைக்கு நடுவே சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. அதற்குச் சந்தோஷம் என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியாது. வெளியே கஞ்சியும் பயறும் கொடுத்தார்கள். மண்டபத்துப் படியில் உட்கார்ந்து குடித்தேன். உப்பு தெரிந்தது. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க என்று கேட்டேன். நீ உன் கஞ்சியை வைத்துவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு வேப்பமரத்தடிக்கு ஓடினாய், அப்பா, அம்மா சாப்புடுது என்று.

நீ சொல்கிற அற்புதம் அதுதான். அதை நான் மறுக்கவே மாட்டேன். என் வாழ்க்கையில் அதைவிட உண்மையான நாள் எனக்கு இல்லை. ஆனால் உன் சாட்சி அங்கே முடிந்துவிடுகிறது, என் வாழ்க்கை முடியவில்லையே. ஈஸ்டருக்கு நான் சமைத்தேன். உனக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன். கொஞ்ச நாளில் ஒரு காலையில் மறுபடியும் எழுந்திருக்க முடியவில்லை. நீ சாப்பாட்டுக் கூடையைக் கையில் பிடித்தபடி வாசல்படியில் நின்று, திரும்பவும் படுத்துட்டியாம்மா என்று கேட்டாய். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. நீ மேடையில் அந்த நாளைத் தாண்டி ஒரு அடிகூட வைக்காமல் கதையை நிறுத்துவது ஏன் என்று எனக்குத் தெரியும். அடுத்த அடியில் அந்த வாசல்படி இருக்கிறது.

எஸ்தர் அக்கா வந்தார். நான் அவரிடம், எனக்கு விசுவாசம் பத்தலைக்கா, கெடச்சதையும் தொலைச்சுட்டேன் என்றேன். அக்கா எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து என் மடியில் போட்டார்.

"எனக்கும் இதே சீக்குதான். அவுக செத்ததுலருந்து மதுரைக்குப் போயி வாங்கிச் சாப்புடுறேன். சபையில ஒருத்தருக்கும் தெரியாது. நீயும் சொல்லிறாத."

அவருடைய முகம் சிவந்துபோயிருந்தது, ஏதோ திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி. அந்த வாரமே உன் அப்பாவும் அவரும் என்னை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மருத்துவர் ஆண்பிள்ளை, சின்ன வயது. நான் பாவத்தைப் பற்றிப் பேசினேன், அவர் தூக்கத்தைப் பற்றிக் கேட்டார். மாத்திரை போட்டதும் ஒன்றும் நடக்கவில்லை. வாயெல்லாம் வறண்டது, கை நடுங்கியது. நாட்கள் போகப் போக ஒரு நாள் நானே தலை வாரிக்கொண்டிருக்கிறேன் என்று கண்ணாடியில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மாத்திரையா, கர்த்தரா என்று நீ கேட்பாய். உன் சபையில் எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள், இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம் இருப்பது போல. மாத்திரை என்னை எழுப்பி உட்காரவைத்தது. உட்கார்ந்த இடத்தில் அவர் இருந்தார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பிறகு நானும் முட்டாள்தனம் பண்ணினேன். நான் ஞானஸ்நானம் எடுத்த வருஷம், புது மனுஷியாகிவிட்டேன் என்று எல்லோரும் சொன்னபோது, புது மனுஷிக்குப் பழைய மாத்திரை எதற்கு என்று யாரிடமும் கேட்காமல் நிறுத்தினேன். நீ அப்போது திருச்சியில் காலேஜில் இருந்தாய். அம்மாவுக்கு முதுகுவலி, அதனால்தான் போனில் பேசவில்லை என்று அப்பா உன்னிடம் சொன்னாரே, அது முதுகுவலி இல்லை. முதல் தடவை சாக வேண்டும் என்று தோன்றியதில்லை. அந்தத் தடவை தோன்றியது. உன் அப்பா ஒர்க்‌ஷாப்பைப் பூட்டிவிட்டு என் பக்கத்திலேயே இருந்தார். பாத்ரூமுக்குப் போனால் கதவுக்கு வெளியே நின்று ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார், நான் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காக. ஸ்பேனர், செயின், பக்கத்துக் கடைக்காரன் என்று என்னவாவது. ஒரு முழு ஜெபக்கூட்டத்தின் ஜெபத்தையும் நான் அந்தக் கதவுக்கு வெளியே அவர் குரலில் கேட்டேன் என்றுதான் சொல்வேன். திரும்ப மருத்துவரிடம் போனோம். அதற்குப் பிறகு அவரைக் கேட்காமல் நான் ஒரு நாள்கூட மாத்திரையை விட்டதில்லை. இன்றைக்குக் காலையிலும் போட்டுக்கொண்டேன்.

எஸ்தர் அக்கா செத்தபோது கோயில் நிறையக் கூட்டம். எந்நேரமும் சந்தோஷமாக இருந்த சகோதரி, மனபாரம் என்றால் என்னவென்றே அறியாதவர் என்று பேசினார்கள். நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினேன். பிறகு அவர் வீட்டைக் காலி பண்ணப் போனபோது, அலமாரியில் இருந்த மாத்திரை அட்டைகளை யாரும் பார்ப்பதற்குள் என் பைக்குள் போட்டுக்கொண்டு வந்து சாக்கடையில் கொட்டினேன். அவருடைய மானத்தைக் காப்பாற்றினேன் என்று நினைத்தேன். ஒரு நல்ல மனுஷி இருபது முப்பது வருஷம் தைரியமாகப் போராடியதற்கு இருந்த ஒரே அடையாளத்தை நானே சாக்கடையில் போட்டிருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது.

நீ ஊழியத்துக்கு வந்து, தேவகோட்டை ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு, என்னைப் பற்றி முதல் தடவை சொன்ன வீடியோவை ஜெனிபர் எனக்கு அனுப்பினாள். பார்த்ததும் உனக்குப் போன் பண்ணினேன். மாத்திரையைத் தூக்கி எறிஞ்சேன்னு ஏன்டா சொன்ன, நான் இன்னும் சாப்பிடுறது ஒனக்குத் தெரியும்ல என்றேன். நீ சிரித்தாய்.

"அம்மா, ஜனங்க நொறுங்கிப்போயி வாராக. அவுகளுக்கு முழு நம்பிக்கை வேணும். பாதி குணமாச்சு, பாதி ஆகலைன்னு சொன்னா எடுபடாதும்மா."

எடுபடாது என்றாய். கடை வைத்திருக்கிறவன் சொல்கிற வார்த்தை. நான் அன்றைக்கே வண்டி ஏறி வந்து உன் கையைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும். பத்திர அலுவலகத்தில் எத்தனை வருஷம் வேலை பார்த்தவள் நான். சாட்சி என்றால் கண்ணால் பார்த்ததற்குக் கையெழுத்துப் போடுகிறவன். பார்க்காததற்குப் போட்டால் அவனைக் கோர்ட்டில் ஏற்றுவார்கள். அது தெரிந்தும் நான் சும்மா இருந்தேன். உண்மையைச் சொன்னால், கடைத்தெருவில் ஜனங்கள் என் கையைப் பிடித்துக்கொள்வது எனக்கும் பிடித்திருந்தது. வாழ்நாளெல்லாம் பைத்தியம் என்று பார்த்த ஊர், முதல் தடவையாக என்னைப் பார்த்து ஆசைப்பட்டது.

அமராவதிபுதூர் வனிதாவை உனக்குத் தெரியும். கைக்குழந்தைக்காரி, பிரசவத்துக்குப் பிறகு இந்தச் சீக்கு வந்து மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவள். சீக்கு தீர ஜெபிக்கிற உன் விடுதலைக் கூட்டத்துக்கு வந்து, என் கதையைக் கேட்டு, வீட்டுக்குப் போய் மாத்திரையைக் குப்பையில் போட்டாள். பிறகு நடந்ததை நான் விவரமாக எழுதப் போவதில்லை. அவள் புருஷன் சரியான நேரத்தில் பார்த்துவிட்டான், அவ்வளவுதான். நீ மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய் ஜெபம் பண்ணிவிட்டு வந்தாய். வெளியே வந்து ஜெனிபரிடம், சாத்தான் போராடுறான் என்றாயாம். அடுத்த வாரம் நான் தனியாகப் போனேன். கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் யார் என்று சொன்னதும் திரும்பினாள்.

"ஒங்களுக்கு முடிஞ்சது எனக்கு ஏம்மா முடியல? எனக்கு விசுவாசம் பத்தலையா?"

நான் எஸ்தர் அக்காவிடம் சொன்ன அதே வார்த்தை. பையைத் திறந்து என் மாத்திரை அட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். காலையில் ஒன்றை எடுத்த பள்ளம் அதில் இருந்தது. அவள் வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழுவாள், என்னைக் கட்டிக்கொள்வாள் என்றுதான் நான் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவள் அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இத வச்சுக்கிட்டா இத்தன நாளும் முன் வரிசையில ஒக்காந்து சிரிச்சுக்கிட்டு இருந்தீக?"

அட்டையைப் பைக்குள் போட்டேன். அவளுடைய மாமியார் என்னைப் போகச் சொன்னார். வராண்டாவில் வந்து உட்கார்ந்தேன். உன்மேல் கோபப்பட முயன்றேன், அன்றைக்கு முடியவில்லை. என் போட்டோவும் என் சிரிப்பும் இல்லாவிட்டால் உன் கதையை அந்தப் பெண் நம்பியிருக்க மாட்டாள்.

அதனால்தான் போன ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் எழுந்து வந்தேன். நீ சந்தோஷமாக மைக்கை நீட்டினாய். நான் நல்ல பேச்சுக்காரி இல்லை. எனக்கு இந்தச் சீக்கு இன்னும் இருக்கிறது, தினமும் மாத்திரை சாப்பிடுகிறேன், கர்த்தர் எனக்குச் சந்தோஷத்தைக் கொடுத்தது உண்மை, சீக்கை எடுத்துவிட்டார் என்று பாஸ்டர் சொன்னது உண்மை இல்லை, யாரும் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், எஸ்தர் அக்காவைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். நீ என் தோளில் கைபோட்டு, மெதுவாக மைக்கை வாங்கினாய். குரல் உடையாமல், அன்பாக, அம்மாவுக்கு இன்னைக்கு மனசு சரியில்லை, எல்லாரும் அம்மாவுக்கு நேரா கையை நீட்டி ஜெபம் பண்ணுவோம் என்றாய். அத்தனை கைகளும் என்னை நோக்கி நீண்டன. நீயும் என் தலையில் கைவைத்து மனச்சோர்வின் ஆவியைப் போகச் சொல்லிக் கட்டளையிட்டாய். எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள், நான் மட்டும் திறந்திருந்தேன். கோடாங்கி என் முடியைப் பிடித்து ஆட்டினான், செந்தில். அவன் நான் பெற்ற பிள்ளை இல்லை.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். பின்னாலேயே ஒரு பெண் வந்தாள், பெயர் சொல்ல மாட்டேன். குனிந்து செருப்பைத் தேடுகிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டு, அந்த டாக்டரு எங்குட்டு இருக்காக என்று கேட்டாள். சொன்னேன். மறுநாள் இன்னொருத்தி வீட்டுக்கே வந்தாள். வனிதா டிஸ்சார்ஜ் ஆகி வந்ததும் அவளுடைய மாமியாரே எனக்குப் போன் பண்ணினார், மறுபரிசோதனைக்கு வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள், துணைக்கு வரமுடியுமா என்று. வனிதா என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைக்காதே. அவளுக்கு வழி தெரிந்த ஆள் ஒன்று வேண்டும், அவ்வளவுதான். அதுவே எனக்குப் போதும். அந்தப் போனை வைத்துவிட்டு அடுப்படியில் நிற்கும்போது, பெரிய வெள்ளிக்கிழமையில் வந்த அந்தச் சந்தோஷம் மறுபடி கொஞ்சம் வந்தது. நான் கேட்காமலே.

இவ்வளவுதான் எழுதுவதாக இருந்தேன். நேற்று மத்தியானம் ஜெனிபர் வந்தாள். உனக்காகப் பரிந்து பேச வந்திருக்கிறாள் என்று நினைத்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவள் உட்கார்ந்ததும் அழ ஆரம்பித்தாள். நீ இப்போதெல்லாம் விடியுமுன்னே விழித்துக்கொள்கிறாய் என்றாள். பிரசங்கம் முடிந்து வந்தால் ஷூவைக்கூடக் கழற்றாமல் காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறாயாம், அவள் வந்து கதவைத் தட்டினால்தான் இறங்குகிறாயாம். சாப்பாடு எதுவும் பிடிக்கவில்லையாம். போன மாதம் குழந்தை உன் காலைக் கட்டிக்கொண்டு நிற்கிறது, நீ அதன் தலைக்கு மேலே கையை வைத்தபடி தொடாமல் நின்றாயாம். அந்தக் கையை எனக்குத் தெரியும், செந்தில். கேட்டால் உபவாசக் களைப்பு என்கிறாயாம். வீடியோக்களை எடுத்து மறுபடி பார்த்தேன், இந்தத் தடவை உன் வார்த்தையைக் கேட்கவில்லை, உன் முகத்தைப் பார்த்தேன். அம்மா குணமாகிவிட்டாள் என்று நீ ஊரை நம்பவைக்கவில்லை. அது வந்தால் ஒரே நாளில் போய்விடும் என்று உன்னையே நம்பவைத்துக்கொண்டிருக்கிறாய். நான் உன் சபையில் எழுந்து உண்மையைச் சொன்னபோது யாரை அதிகமாகப் பயமுறுத்தினேன் என்று இப்போதுதான் புரிகிறது.

உன்மேல் எனக்கிருக்கிற கசப்பு இதனால் குறையவில்லை. வனிதாவிடம் நீ மன்னிப்புக் கேட்க வேண்டும், ஜெபத்தில் இல்லை, அவள் முகத்தைப் பார்த்து. அந்த வீடியோக்களை எடுத்துவிட வேண்டும். என் போட்டோவைத் திரையிலிருந்து இறக்க வேண்டும். அதெல்லாம் பிறகு. எல்லோரும் படிக்கட்டும் என்று எழுதத் தொடங்கிய கடிதம் இது. இந்தக் கடைசிப் பக்கத்தை எழுதியபின் யாருக்குக் காட்டுவது என்பதை உன்னிடமே விட்டுவிடுகிறேன். உன்னைப் பற்றியதை உன்னைக் கேட்காமல் மைக்கில் சொல்ல எனக்கு மனம் வராது.

வியாழக்கிழமை காலை நானும் வனிதாவும் மதுரை பஸ்ஸுக்குப் போகிறோம். ஏழு மணிக்குப் புது பஸ் ஸ்டாண்டில் நிற்போம். அந்த மருத்துவர் உன்னிடம் விசுவாசத்தைப் பற்றிக் கேட்க மாட்டார், நீ எப்படித் தூங்குகிறாய் என்று கேட்பார். நீ என்ன சொல்கிறாய் என்பதை நான் கேட்க மாட்டேன், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். வனிதா உன்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். திருப்பிக்கொள்ளட்டும், அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது. நீ வந்தால் மூன்று டிக்கெட் எடுக்கிறேன். வராவிட்டால் இரண்டு எடுத்துக்கொண்டு ஏறிவிடுவேன். அவளைக் காக்கவைக்க முடியாது.

அம்மா